எங்கள் பானையில் அவித்த சோளம்

எங்கள் மாடு சோளம் சப்பிக்கொண்டு நின்றதைப் பார்த்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வந்தது என்பதைவிடப் பாய்ந்தது என்று சொல்ல வேண்டும். பதினொரு வயதில் எனக்கு யோசனைகள் நடந்து வருவதில்லை.

மாடு தின்றது பச்சைச் சோளமில்லை. உப்புப் போட்டுப் பதமாக அவித்த, இன்னும் சூடு ஆறாத ஐந்து பொத்திகள். அரை மணித்தியாலத்துக்கு முன்னர்தான் பக்கத்துக் காணி மாமி அவற்றை ஓர் அலுமினியச் சட்டியில் வைத்து, தேக்கிலையால் மூடி, வேலியில் ஓர் ஆள் குனிந்து வரக்கூடிய பொட்டுக்குள்ளால் கொண்டுவந்து தந்துவிட்டுப் போயிருந்தார். அம்மா இரண்டு கையாலும் வாங்கினார். "ஏன் இவ்வளவு? பிள்ளையளுக்கு வைச்சிருக்கலாமே" என்று கடிந்தும் கொண்டார். பொத்திகளைச் சுளகில் கொட்டி, சட்டியைக் கழுவி, வெறுஞ்சட்டியாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாதென்று ஒரு பிடி பச்சை மிளகாயும் போட்டுக் கொடுத்தார். மாமி பொட்டுக்கு அந்தப் பக்கம் போனதும் சுளகு மாட்டுக்கொட்டிலுக்குப் போனது. சோளம் முற்றும் காலம் முழுக்க, கிழமைக்கு ஒரு தடவையாவது இதுதான் நடந்தது.

ஏன் என்று கேட்டால், "அவிச்ச சோளம் அப்பாவுக்கு வாய்வு" என்பார் அம்மா.

இதை நான் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்தேன். ஆனால் அதே மாமி சில நாட்களில் அவிக்க நேரமில்லாமல் பச்சைப் பொத்திகளையும் தருவார். அவற்றை அம்மா எங்கள் குசினியில் அவித்தால் அப்பா மூன்று பொத்தி சாப்பிட்டுவிட்டு நாலாவதைப் பார்ப்பார். வாய்வுக்கு அன்றைக்கு விடுமுறை.

நான் அந்த வருடம்தான் ஆறாம் வகுப்புக்குப் போயிருந்தேன். விஞ்ஞானம் என்ற புதுப் பாடம். ரீச்சர் எங்களுக்கு ஒரு கொப்பியைத் தனியாக எடுத்துக்கொள்ளச் சொல்லி, எதைச் செய்து பார்த்தாலும் நோக்கம், தேவையான பொருட்கள், செய்முறை, அவதானிப்பு, முடிவு என்று எழுதப் பழக்கியிருந்தார். எனக்கு அது போதை மாதிரிப் பிடித்துவிட்டது. கோழி எத்தனை தடவை தண்ணீர் குடிக்கிறது, அப்பாவின் சைக்கிள் எவ்வளவு தூரத்தில் கிறீச்சிடத் தொடங்குகிறது, எல்லாவற்றுக்கும் ஒரு முடிவு எழுதி வைத்திருந்தேன். சோளத்துக்கு மட்டும் முடிவு இல்லை.

அது எனக்கு அவசரமாகத் தேவைப்பட்டதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. மாமியின் மகள் என் வகுப்பு. ஒவ்வொரு முறையும் அடுத்த நாள் காலையில் அக்கராயன் பாதையில் இருவரும் பள்ளிக்கூடம் நடக்கும்போது அவள் கேட்பாள்.

"சோளம் எப்புடி இருந்துச்சு? அம்மா கேக்கச் சொன்னாங்க."

"நல்லாயிருந்தது."

"உப்பு போதுமா?"

"காணும். அப்பா மூண்டு சாப்பிட்டவர்."

அவள் அதைக் கொண்டுபோய் வீட்டில் சொல்வாள். அடுத்த கிழமை மாமி இன்னும் பெரிய பொத்திகளாகப் பார்த்து முறித்து அவித்து அனுப்புவார். மாடு கொழுத்தது. என் பொய்யும் கொழுத்தது. ஒருநாள் அவள், "உங்கப்பாவுக்கு அம்மா அவிக்கிற சோளம்னா ரொம்பப் புடிக்குமாமே, அம்மா எல்லாருகிட்டயும் சொல்லிக்கிட்டிருக்காங்க" என்றாள். பொய்யை ஒத்துக்கொள்ளும் துணிவு எனக்கில்லை. அதனால் அதை எப்படியாவது உண்மையாக்கிவிட வேண்டும் என்று நினைத்தேன். அப்பாவும் அம்மாவும் ஒரு நாளாவது மாமி அவித்த சோளத்தைச் சாப்பிட்டால் போதும். அதற்குப் பிறகு நான் சொன்னதெல்லாம் முன்கூட்டியே சொன்ன உண்மையாகிவிடும்.

மாமி வீட்டார் தேயிலைத் தோட்டத்திலிருந்து எப்போதோ இறங்கி வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறியவர்கள். எங்கள் வயலில் நாற்று நடவும் களை பிடுங்கவும் மாமிதான் முதல் ஆளாக வருவார். எங்களுக்கு அவர் மாமி, அவருக்கு அம்மா அக்கா. முறை சொல்லிக் கூப்பிடுவதில் எங்கள் வீட்டில் ஒரு குறையும் இல்லை. அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோது பத்து நாளும் மாட்டில் பால் கறந்தவர் மாமி. மாமியின் கூரையைக் காற்றுத் தூக்கியபோது எங்கள் தகரத்தைக் கழற்றிக் கொடுத்தவர் அப்பா. சண்டை முடிந்து முகாமில் இருந்த காலத்தில் இரண்டு குடும்பமும் அடுத்தடுத்த கூடாரம். "ஒரே கிடாரத்துச் சோறுதானே எல்லாரும் திண்டனாங்கள்" என்று அம்மா இப்போதும் சொல்வார், அந்தக் காலத்தில் இருந்த ஒரே நல்ல விஷயம் அதுதான் என்பதுபோல. எனக்கு அப்போது ஆறு வயது. அண்டாவைவிடப் பெரிய அந்தக் கிடாரத்துக்கு முன்னால் நின்ற வரிசை மட்டும்தான் ஞாபகம்.

எங்கள் வீட்டில் மாமிக்கென்று ஒரு கோப்பை இருந்தது. நீல நிறப் பிளாஸ்டிக் கோப்பை, குசினிக்கு வெளியே கூரை இறப்பின் கீழ் ஓர் ஆணியில் தொங்கும். மாமி வந்தால் அதில்தான் தேத்தண்ணி. குடித்து முடித்ததும் அவரே கழுவி ஆணியில் கொழுவிவிட்டுப் போவார். எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் சொந்தக் கோப்பை கிடையாது. எனக்குக் கூட இல்லை. ஒருநாள் ஆசைக்கு அதில் தண்ணீர் மொண்டு வாயில் வைத்தேன். அம்மா ஓடிவந்து பறித்தார். ஒருவருக்கென்று வைத்த பொருளை மற்றவர் எடுக்கக் கூடாது, அது மரியாதை என்று எனக்கு நானே விளங்கிக்கொண்டேன்.

அம்மாவும் மாமி வீட்டுக்குப் போவார். ஆனால் போகிற நேரமெல்லாம் அம்மா இப்போதுதான் தேத்தண்ணி குடித்தவராக இருந்தார். "இப்பதான் குடிச்சனான், சத்தியமா வேண்டாம்." காலை பத்து மணிக்கும் அப்படி, பின்னேரம் நாலு மணிக்கும் அப்படி.

இவ்வளவையும் பார்த்த என் விஞ்ஞான மூளை ஒரு கருதுகோளுக்கு வந்தது. பிழை சோளத்தில் இல்லை, ஏனென்றால் பச்சையாக வந்தால் சாப்பிடுகிறோம். ஆகவே பிழை அவிப்பில் இருக்கிறது. மாமி வீட்டில் குழாய்க்கிணற்றுத் தண்ணீர், சவர், வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். கேத்திலின் அடியில் வெள்ளையாய்ப் படிவதை நானே சுரண்டிப் பார்த்திருக்கிறேன். அந்தத் தண்ணீரில் போட்ட தேத்தண்ணி அம்மாவுக்குப் பிடிக்காது, அந்தத் தண்ணீரில் அவித்த சோளம் அப்பாவுக்குப் பிடிக்காது. சொன்னால் மாமி கவலைப்படுவார் என்று அம்மா மறைக்கிறார். எவ்வளவு நல்ல அம்மா. எவ்வளவு இலகுவான பிரச்சினை.

கொப்பியில் எழுதினேன். நோக்கம்: மாமிக்குச் சரியாகச் சோளம் அவிக்கப் பழக்குதல். தேவையான பொருட்கள்: எங்கள் பானை, எங்கள் கிணற்றுத் தண்ணீர், எங்கள் உப்பு.

சனிக்கிழமை. அம்மா மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போய்விட்டார், அப்பா வயலில். எங்கள் சோளம் அவிக்கும் பானையை இறக்கினேன். இரண்டு பெரிய சோடாப் போத்தல்களில் கிணற்றுத் தண்ணீர் நிரப்பினேன். உப்பைக் கொப்பியிலிருந்து கிழித்த தாளில் மடித்தேன். எல்லாவற்றையும் பானைக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு பொட்டுக்குள்ளால் நுழைந்தபோது பானை வேலிக்கம்பியில் பட்டு மணி அடித்தது.

மாமி முற்றத்தில் அன்று முறித்த பொத்திகளைக் குவித்து வைத்துத் தோலுரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மகள்.

"என்னா புள்ள, பானையோட வர்ற? கல்யாணச் சமையலா?" என்றார் மாமி.

"மாமி, நான் உங்களுக்குச் சோளம் அவிக்கக் காட்டித்தரப் போறன்."

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "யாருக்கு, எங்கம்மாவுக்கா? கோயில் திருவிழாவுக்கு நூறு பொத்திய ஒரே தடவையில அவிச்சவங்க. நீ போன வாரம் வெந்நீ வைக்கத் தெரியாம கைய சுட்டுக்கிட்ட."

"அது வேற விஷயம்" என்றேன்.

"சும்மா இரு டீ. புள்ள ஆசையா வந்திருக்கு" என்று மாமி அடுப்புப் பக்கம் எழுந்தார். முற்றத்தில் மூன்று கல் அடுப்பு. அதன்மேல் அவருடைய கரிபிடித்த பெரிய சட்டி ஏற்கெனவே தயாராக இருந்தது. "இதுலயே வைப்போமா? ஒன்னோடது சின்னதா இருக்கே."

"வேண்டாம் மாமி. உங்கட சட்டி வேண்டாம். எங்கட பானையிலதான் அவிக்க வேணும்."

"சரி. தண்ணி மொண்டு வாரேன்."

"தண்ணியும் கொண்டுவந்தனான். எங்கட கிணத்துத் தண்ணி. உப்பும் இருக்கு."

மாமியின் கை குடத்தின் கழுத்தில் இருந்தது. அங்கேயே நின்றது. அவர் பானையைப் பார்த்தார், போத்தல்களைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

"ஏன் புள்ள, நான் அவிச்ச சோளம் ஒங்க வீட்டுல நல்லாயில்லன்னாங்களா?"

இந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்கலாம். ஆனால் என்னிடம் ஓர் ஆதாரம் இருந்தது, அதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. வகுப்பில் பலகைக்கு முன்னால் நிற்பதுபோல நிமிர்ந்து நின்றுகொண்டு சொன்னேன். "நீங்கள் பச்சையாத் தந்தா அம்மா அவிச்சு நாங்கள் எல்லாரும் சாப்பிடுவம். நீங்கள் அவிச்சுத் தந்தா அம்மா மாட்டுக்கு வைச்சிடுவா. அப்ப சோளத்தில பிழையில்லை மாமி. உங்கட சட்டியிலயோ தண்ணியிலயோதான் பிழை."

உரித்துக்கொண்டிருந்த மகளின் கையிலிருந்து பொத்தி மெதுவாகக் குவியலுக்குள் விழுந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை, தாயைப் பார்த்தாள். பிறகு எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டு வீட்டுக்குள் போனாள். கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. பொய் சொன்னதற்குக் கோபம் என்று நினைத்தேன். கொஞ்சம் போனால் சரியாகிவிடும்.

மாமிக்கு மட்டும் கோபமே வரவில்லை. "நீ சொல்றது சரிதான் புள்ள" என்றார். "சட்டியிலதான் இருக்கு."

கருதுகோள் ஒப்புக்கொள்ளப்பட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மாமி தன் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிச் சுவரோடு கவிழ்த்து வைத்தார். விறகைத் தள்ளி நெருப்பை ஊதிவிட்டு நாலடி தள்ளிப்போய்க் குந்தினார். "நீயே பானைய வை. நீயே தண்ணிய ஊத்து. நான் எதையும் தொடல."

ஆசிரியருக்குக் கொடுக்கும் இடம் என்று எடுத்துக்கொண்டேன். அம்மா செய்வதை அப்படியே செய்தேன். உரித்த தோலைப் பானையின் அடியில் பரப்பினேன். பொத்தியில் உள்தோல் இரண்டை விட்டு, முடியைப் பிடுங்கி, ஆறு பொத்திகளைப் படுக்கவைத்து, மூழ்கத் தண்ணீர் ஊற்றி, உப்புப் போட்டு மூடினேன். ஒவ்வொன்றையும் செய்யும்போது வாயால் விளக்கமும் சொன்னேன். உள்தோல் இருந்தால்தான் இனிப்பு தண்ணீருக்குள் போகாது, விளங்குதா மாமி? விளங்குது புள்ள. பொறுமையில்லாமல் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை மூடியைத் திறந்தேன். "மூடி வை, இன்னும் கொஞ்சம் வேகட்டும்" என்று மட்டும் மாமி தூரத்திலிருந்து சொன்னார். என் வாழ்க்கையில் அதைவிட ஒழுங்கான மாணவி எனக்குக் கிடைத்ததில்லை.

வெந்ததும் ஒன்றை எடுத்து ஊதி ஊதிக் கடித்தேன். கொஞ்சம் அரைவேக்காடுதான். அதை ஒத்துக்கொள்ளவில்லை. இன்னொன்றை எடுத்து மாமியிடம் நீட்டினேன்.

"இப்பதான் சாப்புட்டேன் புள்ள" என்றார் மாமி. "சத்தியமா வேண்டாம்."

அந்தச் சொற்களை நான் வேறு எங்கோ கேட்டிருக்கிறேன் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. அவதானிப்பு என்று ஒரு பகுதியே கொப்பியில் வைத்திருந்தவள் நான்.

மிச்சம் ஐந்தையும் பானையோடு வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா கூட்டத்தால் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, சாப்பிடுங்கோ. மாமி வீட்டுச் சோளம். ஆனா எங்கட பானையில, எங்கட தண்ணியில அவிச்சது."

"ஆரின்ர அடுப்பில?"

"மாமியின்ர."

"ஆர் சொல்லி உந்தப் பானையைத் தூக்கிக்கொண்டு போனனி?" அம்மாவின் குரல் ஏறியது. பிறகு சடாரென்று இறங்கியது. "அவாட்ட என்ன சொன்னனி?"

எல்லாவற்றையும் சொன்னேன். கருதுகோள், சவர்த் தண்ணீர், மாடு, கடைசியில் மாமி ஒத்துக்கொண்டது. பாராட்டுக்கு இடம் விட்டு நிறுத்தினேன். அம்மா குசினி வாசற்படியில் அப்படியே இருந்துவிட்டார். கால் ஈரம் நிலத்தில் ஊறியது. அடி விழும் என்று ஒரு கணம் பயந்தேன், விழவில்லை. பானைக்குள் கைவிட்டு ஒரு பொத்தியை எடுத்தார். முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார். வெந்திருக்கிறதா என்று மணந்து பார்க்கிறார் என்று நினைத்துக் காத்துக்கொண்டு நின்றேன். அவர் அதைத் திரும்பப் பானைக்குள்ளேயே வைத்தார்.

பின்னேரம் ஐந்து பொத்தியும் மாட்டுக்குப் போயின. பானையும் கொட்டிலோடு நின்றுவிட்டது. அன்றிலிருந்து மாடு அதில்தான் தண்ணீர் குடித்தது. நல்ல பானை, ஓட்டை உடைசல் ஒன்றும் இல்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. அம்மாவின் முகம் கேட்கக்கூடியதாக இருக்கவில்லை.

அடுத்த கிழமை சோளம் வந்தது. பச்சையாக, தோலோடு, முடி ஈரம் காயாமல் ஓர் உரப்பை நிறைய. பொட்டுக்குள்ளால் வரவில்லை. மகள் அதை வாசல் படலையடியில் வைத்துவிட்டுக் கூப்பிடாமலே போய்விட்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் அப்படித்தான் வந்தது. அம்மா புதுப் பானையில் அவித்தார். அப்பா மூன்று சாப்பிட்டார். அம்மா சாப்பிட்டாரா என்று ஞாபகமில்லை. நான் கொப்பியை எடுத்து எழுதினேன். முடிவு: பரிசோதனை வெற்றி.

வயலுக்கு வரும் நாட்களில் அம்மா தேத்தண்ணிக்குக் கூப்பிட்டால் மாமி, "இப்பதான் குடிச்சேன் அக்கா" என்பார். நீலக் கோப்பைக்குள் சிலந்தி கூடு கட்டியது. மகள் பள்ளிக்கூடத்துக்கு எனக்கு முன்னாலேயே போய்விடப் பழகினாள். அவள் கெட்டிக்காரி, அதனால் தலைக்கனம் என்று பள்ளிக்கூடம் முடியும்வரை நம்பினேன்.

பல்கலைக்கழக விடுதியில் என் அறைத்தோழி மலையகத் தேயிலைத் தோட்டத்துப் பெண். முதல் கிழமை அவள் ஊரிலிருந்து வந்த ஒரு டப்பாவை எடுத்தாள். மரவள்ளிக்கிழங்கு. மூடியைப் பாதி திறந்து, கையை மூடியிலிருந்து எடுக்காமலே கேட்டாள்.

"எங்க வீட்டுல அவிச்சது. நீங்க சாப்புடுவீங்களா?"

அவ்வளவுதான். அந்தப் பாதி திறந்த மூடி எனக்குப் போதுமாக இருந்தது. பச்சையாக இருக்கும்வரைதான் அது கிழங்கு, அதுவரைதான் அது சோளம். அவர்கள் வீட்டு அடுப்பில் ஏறி வெந்துவிட்டால் அது அவர்களுடைய சோறு, எங்களைப் போன்றவர்களின் வாய்க்கு ஆகாதது. முகாமில் ஒரு கிடாரத்தில் தின்றவர்கள் வீடு திரும்பி முதலில் வேலியைக் கட்டினோம், பிறகு பானையைப் பிரித்தோம். யாரும் எனக்கு அதைச் சொல்லித்தரவில்லை. அம்மா வாய்வு என்றார், இப்பதான் குடித்தேன் என்றார், மறைத்து மறைத்து ஒரு மரியாதையைக் காப்பாற்றி வைத்திருந்தார். நான் சொந்தப் பானையும் சொந்தத் தண்ணீருமாகப் போய் அதை மாமியின் முற்றத்தில் வைத்து விளக்கம் சொன்னேன். விளங்குதா மாமி என்று வேறு கேட்டேன்.

தோழியின் டப்பாவிலிருந்து நாலு துண்டு அவசர அவசரமாகத் தின்றேன். "மெதுவா, யாரும் பறிக்க மாட்டாங்க" என்று அவள் சிரித்தாள். நான் ஐந்தாவது துண்டையும் எடுத்தேன்.

இப்போது விடுமுறைக்கு வந்திருக்கிறேன். பொட்டு இருந்த இடத்தில் முள்ளுக்கம்பி. மகள் கல்யாணம் முடித்து ஓமந்தைப் பக்கம் போய்விட்டாள். மாமி தனியாகத்தான் இருக்கிறார். அந்தப் பக்கம் சோளம் முற்றி நிற்கிறது, காற்று அடிக்கும்போது இங்கே கேட்கிறது. நாளைக் காலையில் றோட்டால் சுற்றிப் போகப் போகிறேன். கொப்பி இல்லை, பானை இல்லை, கையில் ஒன்றுமில்லை. மன்னிப்புக் கேட்பதற்கு நாலு வசனம் எழுதிப் பார்த்துக் கிழித்துவிட்டேன். எல்லாமே அவருக்கு விளக்கம் சொல்வதுபோல இருந்தன. பசிக்குது மாமி, சோளம் அவிச்சுத் தாங்கோ என்று மட்டும் கேட்பதாக இருக்கிறேன். பச்சையாத் தாரேன், கொண்டுபோய் அவிச்சுக்க புள்ள என்று அவர் சொல்லக்கூடும். சொன்னால் எழும்பி வரமாட்டேன். அவருடைய கரிச்சட்டி கொதிக்கும்வரை அடுப்படியில் இருப்பேன்.

அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் போவேன். வரும்போது மாமி அவித்த பொத்தி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து அம்மாவுக்கு முன்னால் வைப்பேன். எங்கள் வீட்டில் இப்போது மாடு இல்லை.